ஊற்றுக்கண்ணும் கூலி பாக்கியும்

நைல் நதியின் ஊற்றுக்கண்ணைத் தேடிப் போனவர்களின் கதையை எல்லோரும் ஏரிக்கரைக் குன்றின் உச்சியிலிருந்து தொடங்குகிறார்கள். நாம் ஒரு கூலித் தகராறிலிருந்து தொடங்குகிறோம்.

1859 மார்ச்சில் ரிச்சர்ட் பர்ட்டனும் ஜான் ஹானிங் ஸ்பீக்கும் சான்சிபார் தீவிலிருந்து கப்பலேறினார்கள். 1857 ஜூனில் கரையைவிட்டு உள்நாட்டுக்குள் புகுந்தவர்கள் தங்கனிக்கா ஏரிவரை போய் உயிரோடு திரும்பியிருந்தார்கள். ஆனால் அவர்களோடு போனவர்களில் பலருக்குப் பேசிய தொகை வந்து சேரவில்லை. முறையீடு பிரிட்டிஷ் தூதர் கிறிஸ்டோபர் ரிக்பியிடம் போயிற்று. அவர்கள் கேட்பது நியாயம்தான் என்று ரிக்பி பம்பாய் அரசுக்கு எழுதினார். லண்டனில் இந்திய விவகாரத் துறை பர்ட்டனிடம் விளக்கம் கேட்டது. ஒழுங்காக நடந்துகொண்டால் தருவதாகத்தான் பேச்சு, அவர்கள் ஒழுங்காக நடக்கவில்லை, எனவே தரவேண்டியதில்லை என்பது பர்ட்டனின் பதில். அந்தக் கடிதங்களை 1860இல் வெளியான தம் நூலின் பின்னிணைப்பில் அவரே அச்சிட்டார்.

இந்தத் தகராறை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. அந்தக் காலத்து மனிதர்களை இந்தக் காலத்துத் தராசில் நிறுக்கலாமா என்ற கேள்வி, காலனியப் பயணங்களைப் பற்றிப் பேச வாயெடுத்த உடனே வந்து நிற்கும். ரிக்பி எந்தக் காலத்து மனிதர்? அதே ஆண்டு, அதே அரசு, அதே ராணுவம். சுமை தூக்கியவனுக்குக் கூலி தர வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அது 1859இல் எவருக்கும் எட்டாத ஞானமாக இருக்கவில்லை. ஆகவே நாம் இங்கே வைக்கும் தராசு அந்தக் காலத்துக் கடைத்தெருவிலேயே தொங்கிய தராசுதான்.

தேடலின் மேல் நமக்குப் பகையில்லை. நதிமூலம் பார்க்கக் கூடாது என்று நம் ஊரில் ஒரு சொல் உண்டு. அதைக் காட்டி ஒரு பெருநதி எங்கே பிறக்கிறது என்று கேட்ட மனித ஆவலையே பழிப்பது சரியாகாது. ஸ்பீக் கோழையல்லர். கண்நோயில் பார்வை மங்கி, காய்ச்சலில் கிடந்து, காதுக்குள் வண்டு புகுந்து செவிடாகி, மறுபடியும் எழுந்து நடந்தவர். வடக்கே கிடந்த, இன்று விக்டோரியா எனப்படும் ஏரியே நைலின் தாய் என்று போதிய சான்று கைக்கு வருமுன் அவர் சொன்னதும் பின்னால் சரியாகத்தான் முடிந்தது. இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகே தீர்ப்பைச் சொல்கிறோம். குற்றம் ஆவலில் இல்லை. வழியில் நின்று பதில் சொன்னவர்களைச் சாட்சியாக எண்ணாததில் இருக்கிறது. அந்த ஒரே பிழை கூலியில் தொடங்கி, வரைபடத்துக்கு ஏறி, ஒப்பந்தத்தில் உட்கார்ந்து, கடைசியில் பிணங்களாக ஆற்றில் மிதந்தது.

சாட்சிகள் யார் என்று பார்ப்போம். 1856இல் லண்டனில் அறிஞர்கள் விரித்துவைத்துப் பேசிய வரைபடத்தில் கிழக்கு ஆப்பிரிக்காவின் நடுவே ஒரே ஒரு பிரம்மாண்டமான ஏரி, அட்டையைப் போல் நீண்டு கிடந்தது. 1857 நவம்பரில் பயணிகள் கஸே என்ற வணிக ஊருக்கு, இன்றைய தபோராவுக்கு, வந்து சேர்ந்தபோது அங்கிருந்த அரபு வணிகர் ஸ்நாய் பின் அமீர் அது ஓர் ஏரியல்ல, மூன்று தனித்தனி ஏரிகள் என்று விளக்கினார். எது எந்தத் திசையில், எத்தனை நாள் நடை என்பதும் அவரைப் போன்றவர்களுக்குத் தெரிந்திருந்தது. மறு ஆண்டு ஜூலையில் ஸ்பீக் கஸேயிலிருந்து வடக்கே நடந்தபோது, சொன்ன இடத்தில் சொன்னபடியே ஏரி இருந்தது. 1858 ஆகஸ்ட் 3 அன்று, இன்றைய முவான்சாவுக்கு அருகே, அவர் அதைப் பார்த்தார். வணிகர்கள் போய்வந்த பாதையில், கேட்டறிந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததற்கு நாம் இன்றுவரை இட்டிருக்கும் பெயர் கண்டுபிடிப்பு.

ஸ்பீக்குக்கு அரபியும் தெரியாது, சுவாகிலியும் தெரியாது. வழியில் எவரிடம் எதைக் கேட்பதானாலும் அவர் இந்துஸ்தானியில்தான் கேட்டார். அதைப் புரிந்துகொண்டு மறுமொழி வாங்கித் தந்தவர் சிதி முபாரக் பாம்பே. யாவோ இனத்தில் பிறந்து, சிறுவனாக இருக்கும்போதே பிடிபட்டுத் துணிக்கு விலையாகி, ஒரு குஜராத்தி வணிகரின் அடிமையாக இந்தியாவுக்கு வந்தவர். எஜமானர் இறந்தபின் விடுதலையாகி சான்சிபாருக்குத் திரும்பினார். அடிமையாக வந்து இறங்கிய நாட்டின் ஊர்ப்பெயரே அவர் பெயராக நிலைத்தது. பர்ட்டன்–ஸ்பீக் பயணம், ஸ்பீக்–கிராண்ட் பயணம், லிவிங்ஸ்டனைத் தேடிய ஸ்டான்லியின் பயணம், கண்டத்தைக் கிழக்கிலிருந்து மேற்காகக் கடந்த கேமரனின் பயணம் ஆகிய நான்கிலும் நடந்தவர் அவர். நடுஆப்பிரிக்காவை மிக அதிகமாக அளந்த கால்களில் அவருடையவையும் உண்டு. இரண்டாம் பயணத்தின்போது ஸ்பீக் ஆத்திரத்தில் அவர் முகத்தில் குத்தினார். பின்னாளில் பாம்பேயின் பல்வரிசையில் தெரிந்த இடைவெளியை ஸ்டான்லி தம் நூலில் எழுதிவைத்திருக்கிறார். பிற்காலத்தில் லண்டன் புவியியல் கழகம் பாம்பேக்கு ஒரு பதக்கமும் சிறு ஓய்வூதியமும் கொடுத்தது. ஸ்பீக்குக்கு லண்டன் பூங்காவில் கல்தூண் எழுந்தது. அதில் பாம்பேயின் பெயர் இல்லை.

சுமைகாரர்களுக்கு வருவோம். அந்தப் பாதையில் வண்டி போகாது. மாட்டையும் குதிரையையும் ஈக்கடி கொன்றுவிடும். எனவே எல்லாம் மனிதத் தலையிலும் தோளிலும்தான் போயின. அமெரிக்காவிலிருந்து வந்த வெள்ளைத் துணி, இந்தியாவிலிருந்து போன கனிக்கி என்ற நீலத் துணி, மணிகள், பித்தளைக் கம்பி ஆகியவையே அங்கே காசு. ஓர் ஆளுக்கு முப்பது கிலோ சுமை. பகாசி என்று அழைக்கப்பட்ட இந்தச் சுமைகாரர்களில் பெரும்பாலோர் நியாம்வேசி மக்கள். அவர்கள் காட்டில் பிடித்துவந்த கூலிகளல்லர். தலைமுறையாக இதையே தொழிலாகச் செய்தவர்கள். பருவம் பார்த்துப் புறப்பட்டார்கள், கூலி பேசினார்கள், பேச்சு முறிந்தால் சுமையை இறக்கிவைத்துவிட்டுப் போனார்கள். பயண நூல்களில் இது ஓடிப்போதல் என்று பதிவாகியிருக்கிறது. உழைத்துப் பிழைத்த எவரும் இதற்கு வேறு பெயர் சொல்வார்கள்.

1862 ஜூலை 28 அன்று ஏரியிலிருந்து நதி வெளியேறும் இடத்தை ஸ்பீக் அடைந்தார். அங்கே என்ன பார்த்தார் என்பதை அவரே எழுதியிருக்கிறார். பாறைகள்தோறும் தூண்டிலோடு மீனவர்கள் நின்றார்கள். மேலே பரிசல்துறையில் ஆள்கள் அக்கரைக்குப் போய்வந்துகொண்டிருந்தார்கள். மாடுகள் தண்ணீர் குடிக்க இறங்கின. ஊரார் அந்த இடத்தைக் கற்கள் என்ற பொருளில் அழைத்தார்கள். ஜிஞ்ஜா என்ற இன்றைய ஊர்ப்பெயரும் அதே வேரில் முளைத்ததுதான். நதிக்கு பசோகா மக்களிடம் கியிரா என்ற பெயர் இருந்தது. ஏரிக்கு புகாண்டாவில் நலுபாலே என்ற தெய்வத் தொடர்புள்ள பெயர் இருந்தது. இவ்வளவு பேரும் இவ்வளவு பெயரும் கண்முன் இருக்க, ஏரிக்கு விக்டோரியா என்றும், அருவிக்கு ரிப்பன் என்றும் பெயரிட்டார் ஸ்பீக். ரிப்பன் பிரபு அப்போது புவியியல் கழகத்தோடு தொடர்புடைய பெரிய மனிதர். பின்னர் இந்தியாவின் வைசிராயாக வந்தார். சென்னை மாநகராட்சியின் வெள்ளை மாளிகை தாங்கியிருப்பதும் அவர் பெயரைத்தான். இந்திய மக்களுக்கு உள்ளாட்சி உரிமை தந்தார் என்பதற்காக நாம் அவரை நன்றியோடு நினைக்கிறோம். அந்த நன்றி, அவர் கால்படாத ஓர் அருவி அவர் பெயருக்குப் போனதை நியாயமாக்காது. 1954இல் கீழே எழுந்த அணை நிரம்பியபோது அருவியே மூழ்கிப் போயிற்று.

தமிழில் இந்தச் செயலுக்கு நாம் வழங்கும் கண்டுபிடிப்பு என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்தால் போதும். கண்டார்கள், பிடித்தார்கள். கண்டதில் குற்றமில்லை. பிடித்ததில் இருக்கிறது. சாமுவேல் பேக்கரை எடுத்துக்கொள்வோம். 1864 மார்ச்சில் முவிடன்சிகே என்ற ஏரியின் கரைக்கு வந்து, இறந்துபோன இளவரசர் ஆல்பர்ட்டின் பெயரை அதற்குச் சூட்டினார். எட்டே ஆண்டுகள் கழித்து, 1872இல், அதே பேக்கர் எகிப்து ஆட்சியாளரின் படையோடு வந்து மசிந்தியில் கொடியேற்றி, புன்யோரோ இனி எகிப்துக்குச் சொந்தம் என்று அறிவித்தார். அதை ஏற்காத மன்னர் கபலேகாவோடு போர் மூண்டது. அடிமை வணிகத்தை ஒழிப்பது பேக்கருக்குத் தரப்பட்ட பணிகளில் ஒன்று, அது நல்ல பணி. ஆனால் விருந்தாளியாக வந்து வழி தெரிந்துகொண்டவர் மறுமுறை உரிமையாளராக வந்தார் என்பதை அந்த நல்ல பணி மறைத்துவிடாது.

புகாண்டாவின் அரண்மனையில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. மன்னர் முடேசாவுக்கு ஸ்பீக் கொண்டுவந்த அன்பளிப்புகளில் துப்பாக்கிகளும் இருந்தன. மன்னர் ஒன்றைத் தம் கையால் குண்டு போட்டு நிரப்பி, ஒரு சிறுவனிடம் கொடுத்து, வெளிமுற்றத்தில் போய் ஒரு மனிதனைச் சுட்டுவிட்டு வரச் சொன்னார். போன சிறுவன் குதூகலத்தோடு திரும்பிவந்து சுட்டுவிட்டேன் என்றான். செத்தவன் யார் என்று எவரும் கேட்கவில்லை என்று ஸ்பீக் குறித்துவைத்திருக்கிறார். அவரும் கேட்கவில்லை. முடேசாவின் கொடுமைக்கு முடேசாதான் பொறுப்பு; அதை நாம் மூடி மறைக்கப் போவதில்லை. ஆனால் அந்தத் துப்பாக்கி எப்படி அங்கே வந்தது? நதிமூலத்துக்கு வழிவிட வேண்டும் என்பதற்காகக் கொடுத்த விலை அது. அந்த முற்றத்தில் விழுந்த மனிதன் நைல் தேடலின் கணக்கில் எழுதப்பட வேண்டியவன். நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட நூலில் அவனுக்குப் பெயர் இல்லை.

ஸ்டான்லியின் கணக்கு இன்னும் கனமானது. 1875இல் அதே ஏரியைச் சுற்றிவந்த அவரை பும்பிரே தீவினர் அச்சுறுத்தினார்கள், துடுப்புகளைப் பறித்தார்கள். அவர் தப்பிப் போய், மூன்று மாதத்துக்குப் பிறகு படகுப்படையோடு திரும்பிவந்து, கரையில் நின்றவர்களைத் தண்ணீரிலிருந்தபடியே சுட்டார். முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். செய்தியை லண்டன் நாளிதழுக்கு அவரேதான் எழுதி அனுப்பினார். அப்போதும் அங்கே மனச்சாட்சி உள்ளவர்கள் இருந்தார்கள். ஹென்றி யூலும் ஹிண்ட்மனும் புவியியல் கழகத்தில் இதை எழுப்பினார்கள், கண்டிக்கக் கோரினார்கள். கழகம் அந்தக் குரலின் வழியில் போகவில்லை. ஸ்டான்லி பின்னர் பெல்ஜிய மன்னர் லியோபோல்டுக்காக காங்கோவில் வேலை பார்க்கப் போனார்; அங்கே என்ன நடந்தது என்பதை உலகம் அறியும்.

லிவிங்ஸ்டனை இந்த வரிசையில் அப்படியே நிறுத்துவது அநீதி. 1871 ஜூலையில் நியாங்வே சந்தையில் அடிமை வணிகர்கள் பெண்களைச் சுட்டு வீழ்த்தியதைக் கண்ணால் கண்டு அவர் எழுதியது இங்கிலாந்தை உலுக்கியது. 1873இல் சான்சிபார் அடிமைச் சந்தை மூடப்பட்டதில் அதற்குப் பங்குண்டு. நைல் என்று நம்பி லுவாலாபாவை, அதாவது காங்கோவின் மேல்நீரை, தேடி அலைந்து 1873 மே 1 வாக்கில் சிதம்போவின் ஊரில் அவர் இறந்தார். பிறகு நடந்ததுதான் அந்த நூற்றாண்டுப் பயணங்களிலேயே நம்மை நெகிழவைப்பது. உடனிருந்த சூமா, சூசி முதலியோர் அவர் இதயத்தை அங்கேயே மரத்தடியில் புதைத்தார்கள். உடலை உப்பிட்டு உலர்த்தி, மரப்பட்டையில் சுற்றி, மாதக்கணக்கில் சுமந்து, கடற்கரை பாகமோயோவில் சேர்த்தார்கள். புறப்பட்டபோது வழிநடத்த வெள்ளைக்காரர் எவரும் கூட இல்லை. ஆணையிட ஆளில்லை, கூலி தருவார் யார் என்பதும் தெரியாது. நம் நாசிக் நகரில் மிஷன் பள்ளியில் படித்த ஜேக்கப் வெயின்ரைட் என்ற இளைஞர்தான் மரத்தடியில் பிரார்த்தனை வாசித்தவர். 1874 ஏப்ரலில் வெஸ்ட்மின்ஸ்டரில் அடக்கம் நடந்தபோது வெயின்ரைட் இருந்தார். சூமாவும் சூசியும் இல்லை. அவர்கள் இங்கிலாந்துக்கு அழைக்கப்பட்டபோது எல்லாம் முடிந்திருந்தது. சுமந்தவர்களுக்காகப் பதக்கங்கள் வார்க்கப்பட்டு ஆப்பிரிக்காவுக்கு வந்தபோது அவர்களில் பலர் எங்கெங்கோ சிதறிப் போயிருந்தார்கள்.

இவையெல்லாம் பழங்கதை என்று சொல்ல முடியாமல் செய்வது தண்ணீர். 1929இல் பிரிட்டன் எகிப்தோடு ஓர் ஒப்பந்தம் செய்தது. உகாண்டா, கென்யா, தங்கனிக்கா ஆகியவற்றின் சார்பில் கையெழுத்திட்டதும் பிரிட்டன்தான். எகிப்தின் ஒப்புதலில்லாமல் நைலின் மேல்நீரில் அணையோ வாய்க்காலோ கூடாது என்று அந்த மக்களின் பெயரால் எழுதிக்கொடுத்தது. 1959இல் எகிப்தும் சூடானும் தமக்குள் 5,550 கோடி, 1,850 கோடி கனமீட்டர் என்று பங்கு பிரித்துக்கொண்டன. நீரின் பெரும்பகுதியைத் தரும் எத்தியோப்பியாவுக்கு அந்த மேசையில் நாற்காலி இல்லை. ஊற்றுக்கண்ணருகே வாழும் எவருக்கும் இல்லை. 1862இல் பாறையில் நின்ற மீனவன் சாட்சியாகவில்லை; 1929இல் அவன் பேரன் கட்சிக்காரனாகவில்லை. முதலாவதை மன்னித்தவர்களுக்கு இரண்டாவது இயல்பாகவே தோன்றியது.

2024 அக்டோபரில் மேல்நீர் நாடுகளின் ஒத்துழைப்பு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. 2025 செப்டம்பரில் எத்தியோப்பியா தன் பேரணையைத் திறந்தது. எகிப்தும் சூடானும் அந்த ஒப்பந்தத்துக்கு வெளியே நிற்கின்றன. பத்துக் கோடிக்கு மேற்பட்ட எகிப்தியர் ஒரே நதியை நம்பி வாழ்கிறார்கள் என்பது உண்மை. அவர்கள் அச்சம் வெறும் வீம்பல்ல. ஆனால் காலனி ஆட்சி எழுதித் தந்த காகிதத்தில் அந்த அச்சத்துக்கு மருந்து கிடைக்காது. மேல்நீர் நாடுகளோடு உட்கார்ந்து புதிதாகப் பேசுவதைத் தவிர கெய்ரோவுக்கு நேர்மையான வழியில்லை என்பது நம் கருத்து.

கடைசிக் குற்றச்சாட்டு மிகக் கொடியது. 1863இல் வெளியான தம் நூலில் ஸ்பீக் ஒரு கோட்பாட்டை எழுதினார். ஏரிக்கரை அரசுகளை ஆளும் கால்நடை மேய்க்கும் குலத்தார் இந்த மண்ணின் மக்களாக இருக்க முடியாது, வடக்கே எத்தியோப்பியாவிலிருந்து வந்த உயர்ந்த இனத்தார் என்பது அதன் சாரம். கரக்வேயின் மன்னர் ருமானிக்காவிடமே அதைச் சொல்லியும் காட்டினார். ஆதாரம் என்று எதுவும் இல்லை. முகச்சாயலும், இப்படிப்பட்ட அரசை இந்த மக்கள் தாமாகக் கட்டியிருக்க முடியாது என்ற முன்முடிவும்தான். ருவாண்டாவின் மலைகளைத் தூரத்திலிருந்து பார்த்தார், அந்த நாட்டில் கால் வைக்கவில்லை. ஆனால் பின்னால் வந்த ஜெர்மானியரும் பெல்ஜியரும் அந்தக் கோட்பாட்டை வைத்தே ருவாண்டாவை ஆண்டார்கள். துட்சிகள் வந்தேறிய உயர்ந்தோர், ஹுட்டுகள் ஆளப்படப் பிறந்தோர். 1930களில் பெல்ஜிய ஆட்சி ஒவ்வொருவருடைய அடையாள அட்டையிலும் அதை அச்சடித்தது.

கோட்பாடு பின்பு தலைகீழாகத் திரும்பிற்று. வந்தேறிகள் என்றால் போகட்டும் என்று ஆயிற்று. 1992 நவம்பர் 22 அன்று ஆளுங்கட்சிப் பிரமுகர் லியோன் முகேசெரா ஒரு கூட்டத்தில், துட்சிகளின் வீடு எத்தியோப்பியா, அவர்களை நியாபரோங்கோ ஆற்று வழியாகச் சீக்கிரமாக அனுப்பிவைப்போம் என்ற பொருளில் பேசினார். 1994இல் அது நடந்தது. ஐ.நா. மதிப்பீட்டில் எட்டு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். பிணங்கள் நியாபரோங்கோவில் விழுந்தன. நியாபரோங்கோ அககேராவாகிறது. ஏரிக்கு வந்து சேரும் ஆறுகளில் பெரியது அககேரா. நைலின் மிகத் தொலைவான ஊற்றுகள் என்று இன்று சொல்லப்படுபவை இருப்பதும் அதன் தலைப்பில்தான், ருவாண்டா, புருண்டி மலைக்காடுகளில்.

ஸ்பீக் கத்தியைத் தூக்கவில்லை. ஒரு புத்தகத்துக்கும் ஒரு படுகொலைக்கும் நடுவே நூற்றுமுப்பது ஆண்டுகளும் எண்ணற்ற கைகளும் இருக்கின்றன. கொன்றவர்களின் பொறுப்பில் ஒரு துளியையும் நாம் குறைக்கவில்லை. ஆனால் தன் கேள்விக்குப் பதில் தந்த மக்களை, அவர்கள் வாழும் மண்ணுக்கே சாட்சியாக ஏற்க மறுத்த எழுத்து அது. யார் இந்த மண்ணவர், யார் அல்லர் என்று நாலு வருஷப் பயணி முடிவு செய்தார். அந்தப் பாவத்துக்கு அவர் பெயரில் பற்று எழுதாமல் இருக்க நம்மால் முடியவில்லை.

நம் பொது அறிவுக் கையேடுகளிலும் வினாடி வினாக்களிலும் நைலின் பிறப்பிடத்தைக் கண்டுபிடித்தவர் யார் என்ற கேள்வி இன்னும் உலவுகிறது. பிள்ளைகள் ஸ்பீக் என்று எழுதி மதிப்பெண் வாங்குகிறார்கள். அந்தக் கேள்வியை எடுத்துவிட வேண்டும் என்று கேட்கிறோம். 1862இல் அங்கே போன முதல் ஐரோப்பியர் யார் என்று கேளுங்கள், அதற்கு ஸ்பீக் என்பது சரியான விடை. அவருக்காகப் பேசியவர் யார் என்று அடுத்த கேள்வியில் கேளுங்கள். ஏரிக்கு விக்டோரியா என்று அச்சிடும் இடத்தில் நலுபாலே என்பதையும் சேர்த்து அச்சிடுங்கள்.

1994இல் அககேரா ஆறு ஏரியில் கலக்கும் இடத்தை அடுத்த உகாண்டாக் கரையில், கசென்செரோ என்ற மீனவ ஊரில், வலையோடு போனவர்கள் பிணங்களோடு திரும்பினார்கள். வாரக்கணக்கில் அது ஓயவில்லை. ஏரி மீனை வாங்க ஆளில்லாமல் போயிற்று. அந்த மக்களுக்கு இறந்தவர்களில் ஒருவரையும் தெரியாது. ஆனாலும் கரையேற்றி, பாயிலும் பிளாஸ்டிக் தாளிலும் சுற்றி, குழிவெட்டிப் புதைத்தார்கள். கசென்செரோ, லம்பு, கோலோ ஆகிய மூன்று ஊர்களிலும் இப்படிப் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் கிடக்கிறார்கள். கல்லறைகள் ஏரியைப் பார்த்தபடி இருக்கின்றன.